ஒரே மாமாவுக்கு ரெண்டு இடத்துல மெழுகுவர்த்தி: மிலான், பொலோன்யா டைரி

ஜூன் 18, புதன், மிலான்

ஸ்டுட்கார்ட்ல ஏறும்போது தூறல், சூரிச்ல நல்ல காத்து, மிலான்ல இறங்கினதும் ஒரு புழுக்கம் வந்து மூஞ்சில அடிச்சுது. எதிர்த்தாப்ல மருந்துக்கடை போர்டுல 34 டிகிரின்னு பச்சை லைட்ல ஓடிட்டிருக்கு, மணி அப்ப சாயங்காலம் ஆறரை.

ஊர் சுத்திப் பார்க்க வரல. ஆபீஸ்ல கூட வேலை பார்க்கிற நண்பன் ஒருத்தன், மிலான்ல பிறந்து வளர்ந்தவன், குடும்பம் ஆப்பிரிக்காவுல இருக்கிற எரித்திரியா. 2023 செப்டம்பர்ல ஸ்டுட்கார்ட்ல ஒரு எரித்திரியக் கூட்டத்துக்கு வெளிய பெரிய கலவரம் ஆச்சு, போலீஸ்காரங்களுக்கே நிறைய பேருக்கு அடி, நியூஸ்ல எல்லாம் வந்துச்சு. திங்கக்கிழமை ஆபீஸ்ல ஆளாளுக்கு அவன்கிட்ட வந்து "உங்க ஆளுங்களுக்கு என்னதான் பிரச்சனை"ன்னு கேட்டாங்க. அன்னிக்கு அவன் யாருக்கும் பதில் சொல்லல. ரொம்ப நாள் கழிச்சு என்கிட்ட மட்டும் சொன்னான், "ஜூன்ல எங்க பெரியம்மா வீட்டுக்கு வா, ஜூன் 20 எங்களுக்குத் தியாகிகள் தினம், அந்த ரெண்டு நாள் எங்ககூட இரு, நான் வாயால சொன்னா புரியாது". அதான் வந்தேன்.

பையை வச்சுட்டு நேரா போர்ட்டா வெனேசியா. மெட்ரோ டிக்கெட் 2.20 யூரோ. வியா லெக்கோ, வியா பன்ஃபிலோ கஸ்தால்தி, இந்தத் தெருக்கள்லதான் எழுபதுகள்ல இருந்து எரித்திரியக்காரங்க கடை வச்சிருக்காங்க. முடி வெட்டற கடை, ஊருக்குப் பணம் அனுப்பற கடை, சாப்பாட்டுக் கடை, அதுக்கு நடுவுல இப்ப இத்தாலிய இளவட்டம் கண்ணாடி கிளாஸோட நிக்கிற பார். ரெண்டு கூட்டமும் ஒரே பிளாட்பாரத்துல நின்னாலும் ஒருத்தர் பக்கம் ஒருத்தர் திரும்பறதில்ல.

சாப்பிட்ட இடத்துல சைவத் தட்டு 13 யூரோ. ஆர்த்தடாக்ஸ்காரங்களுக்கு இப்ப விரத காலம், அதனால கறி, முட்டை, பால், நெய் எதுவும் இல்லாத சமையல் தாராளமா கிடைக்குது. ஷிரோன்னு கடலை மாவுக் குழம்பு, பருப்பு, கீரை, உருளைக்கிழங்கு கோஸ், எல்லாம் இன்ஜெரா மேல கொட்டி ஒரே தட்டுல வருது. இன்ஜெரா நல்லாப் புளிச்ச மாவுல ஒரு பக்கம் மட்டும் சுட்ட ஊத்தப்பம் மாதிரிதான், நம்ம நாக்குக்கு அது அந்நியமே இல்ல. எனக்கு ஸ்பூன் கொண்டு வந்த அம்மா நான் கையால பிச்சுச் சாப்பிடறதைப் பார்த்துட்டு, ஸ்பூனைத் திரும்ப எடுத்துட்டுப் போய் இன்னும் ரெண்டு இன்ஜெரா சுருட்டி வச்சாங்க, அதுக்குக் காசு கேட்கல.

சாப்பிட்டுக்கிட்டே நண்பன் கதையை ஆரம்பத்துல இருந்து சொன்னான். 1890ல இருந்து 1941 வரைக்கும் இத்தாலிக்காரன் காலனி. அப்புறம் பிரிட்டிஷ்காரன். 1950ல ஐநா தீர்மானம் போட்டு, 1952ல எத்தியோப்பியாவோட கூட்டாட்சியா சேர்த்து வச்சாங்க, 1962ல எத்தியோப்பியப் பேரரசர் ஹைலே செலாசி அந்தக் கூட்டாட்சியையும் கலைச்சுட்டு நாட்டை ஒரு மாகாணமாக்கிட்டார். அதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே, 1961 செப்டம்பர் 1ல, ஹமீத் இத்ரிஸ் அவாதேன்னு ஒருத்தர் ஒரு சின்னக் கூட்டத்தோட, பழைய துப்பாக்கிகளை வச்சுக்கிட்டு முதல் வெடி வெடிச்சார். அதுக்கப்புறம் 30 வருஷம். 1991 மே 24ல போராளிகள் தலைநகர் அஸ்மாராவுக்குள்ள வந்தாங்க, 1993ல வாக்கெடுப்பு, 99.8 சதவீதம் விடுதலைக்கு. செத்த போராளிகள் மட்டும் சுமார் 65,000 பேர். ஆள் போகாத வீடே கிடையாதுன்னு சொன்னான்.

கடையில இருந்து கொஞ்சம் நடந்தா ஒரு பெரிய பார்க். இந்த்ரோ மொந்தனெல்லின்னு பிரபல பத்திரிகையாளர் பேர்ல இருக்கு, அவர் சிலையும் உள்ள இருக்கு. முப்பதுகள்ல அந்தப் பக்கம் ராணுவத்துல இருந்தப்ப 12 வயசு எரித்திரியப் பொண்ணு ஒருத்தியக் காசு குடுத்து வாங்கி வச்சிருந்ததா அந்த ஆளே 1969ல டிவியில உட்கார்ந்து சொன்னார். 2020ல சிலை மேல சிவப்பு பெயிண்ட் ஊத்தினாங்க, கழுவிட்டாங்க, சிலை அப்படியே நிக்குது. எரித்திரியப் பிள்ளைங்க தினம் விளையாடற பார்க் அது. எனக்கு வயிறு எரிஞ்சுது.

ஜூன் 19, வியாழன், மிலான்

பெரியம்மா வீடு நாலாவது மாடி, லிஃப்ட் இல்ல. கதவைத் திறந்ததும் கைகுடுத்து, தோளோட தோள் ரெண்டு மூணு தடவை இடிச்சு வரவேற்பு. அக்கம்பக்கத்துல எல்லாரும் அவங்கள "அதெய்"ன்னுதான் கூப்பிடறாங்க, நம்ம ஊர்ல வயசானவங்கள அம்மான்னு கூப்பிடற மாதிரி, நானும் அப்படியே கூப்பிட்டேன்.

1974ல வந்தவங்க. அந்தக் காலத்துல மிலானுக்கு வந்த எரித்திரியப் பொண்ணுங்க பெரும்பாலும் பணக்கார வீடுகள்ல தங்கி வேலை பார்த்தவங்க. வியாழக்கிழமை மத்தியானமும் ஞாயித்துக்கிழமையும்தான் லீவு. அந்த ரெண்டு நேரத்துலயும் இவங்க தூங்கவும் போகல, கடைவீதிக்கும் போகல. ஒரு ரூம்ல கூடுவாங்க, சம்பளத்துல ஒரு பங்கை மேஜை மேல வைப்பாங்க, போர்முனைக்கு என்ன அனுப்பறதுன்னு பேசுவாங்க. முதலாளியம்மா தூக்கிப் போடற பழைய ஸ்வெட்டரைக்கூடப் பிரிச்சு நூலாக்கி மறுபடி பின்னி அனுப்பியிருக்காங்க, ஏன்னா எரித்திரியாவுல போராளிங்க இருந்த சஹேல் மலையில ராத்திரிக் குளிர் தாங்க முடியாதாம். தியாகம்னு பேசறப்ப நாம துப்பாக்கியோட இருக்கறவங்களைத்தான் நினைக்கிறோம். அடுத்தவங்க வீட்டுத் தரையைத் துடைச்சு வந்த காசுல ஒரு படையே சாப்பிட்டிருக்கு, அதை எந்தச் சிலையும் சொல்றதில்ல.

ஹால்ல சுவத்துல ஒரு போட்டோ. அவங்க தம்பி, அதாவது நண்பனோட தாய்மாமா. ஆஃப்ரோ முடி, அரை டிராயர், கால்ல கருப்பு பிளாஸ்டிக் செருப்பு, சிரிப்பு. பக்கத்துலயே ஃபிரேம் போட்ட ஒரு பத்திரம், தியாகியோட குடும்பம்னு அரசாங்கம் குடுக்கிற சான்றிதழ். 1988 மார்ச்ல அஃபாபெத் சண்டையில இறந்திருக்கார். எத்தியோப்பிய ராணுவத்தோட ஒரு பெரிய படையணியையே முறிச்ச சண்டை அது, போராட்டம் முழுசையும் திருப்பிப் போட்டதுன்னு சொல்வாங்க.

ஆனா செய்தி வீட்டுக்கு வந்தது விடுதலைக்கு அப்புறம்தான். போராட்டம் நடக்கிற வரைக்கும் யார் செத்தாங்கன்னு குடும்பத்துக்குச் சொல்றதில்லன்னு ஒரு வழக்கம் இருந்திருக்கு. அப்ப 1988க்கும் 1991க்கும் நடுவுல? ஒவ்வொரு கோடையிலயும் பொலோன்யால எரித்திரியத் திருவிழா நடக்கும், அங்க களத்துல இருந்து வர்றவங்க கிட்ட எல்லாம் இவங்க போய்த் தம்பியைப் பார்த்தீங்களான்னு கேட்டிருக்காங்க. போராளிங்களுக்குள்ள பட்டப் பேர் வேற, அதனால நிஜப் பேரைச் சொன்னா "தெரியலையேம்மா"ன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்களாம். "ஒருத்தனுக்குத் தெரிஞ்சிருந்தது, அவன் கண்ணைப் பார்த்தே எனக்குச் சந்தேகம், ஆனா நானும் மறுபடி கேட்கல, அவனும் சொல்லல, அந்த வருஷமும் ஸ்வெட்டர் குடுத்து அனுப்பினேன்"னு சொன்னாங்க. இதைச் சொல்லும்போது கை பாட்டுக்கு இன்ஜெராவைச் சுருட்டிக்கிட்டே இருந்துச்சு, குரல் மாறல.

சாயங்காலம் ஊர் ஓரத்துல ஒரு ஹால். பெரியம்மா வெள்ளைப் பருத்தி உடை, தலையோட சேர்த்து மெல்லிசு வெள்ளைப் போர்வை. அங்க வந்த பொம்பளைங்க எல்லாருமே அப்படித்தான், வயசான ஆம்பளைங்க கோட் சூட், அந்த வெக்கையிலயும் ஒருத்தர்கூடக் கோட்டைக் கழட்டல. வாசல்ல ஒரு பெட்டி, தியாகிகளோட குடும்பங்களுக்குப் பணம் போடறதுக்கு. அஞ்சு யூரோல இருந்து நூறு யூரோ வரைக்கும் போடறாங்க, போட்டதை யாரும் எட்டிப் பார்க்கல, பேர் எழுதறவரும் தொகையை வாய்விட்டுச் சொல்றதில்ல.

மேடைக்கு முன்னாடி ஒரு மேஜை. அதுல நாட்டுக் கொடி, பெரிய மெழுகுவர்த்தி ஒண்ணு, அப்புறம் ஒரு ஜோடி செருப்பு. ஷிடான்னு சொல்றாங்க. பக்கத்துல போய்ப் பார்த்தேன், குனிஞ்சு பார்க்க விட்டாங்க. கருப்பு பிளாஸ்டிக், குறுக்க வார் போட்ட சாதாரணச் செருப்பு. இடது கால் செருப்புல ஒரு வார் அறுந்து, அந்த இடத்தைச் சூடு காட்டி உருக்கி ஒட்ட வச்சிருக்கு, ஒட்டின இடத்துல ஒரு மேடு தட்டி நிக்குது, குதிகால் பக்கம் தேஞ்சு காகிதம் மாதிரி ஆயிருக்கு. போராளிங்க எல்லாரும் இதுலதான் மலை ஏறி இறங்கினாங்க, அறுந்தா நெருப்புல காட்டி ஒட்டிக்குவாங்க, சஹேல்ல விடுவிச்ச பகுதியிலயே இதைச் செய்யற பட்டறை வச்சிருந்தாங்க. அஸ்மாராவுல இந்தச் செருப்புக்குன்னே ரவுண்டானாவுல பெருசா ஒரு சிலை இருக்கு. ஒரு நாடு தன்னோட நினைவுச் சின்னமா குதிரை மேல வாள் தூக்கின தளபதியை வைக்காம செருப்பை வச்சிருக்குன்னா அதுல இருக்கிற மனசு எனக்கு ரொம்பப் பிடிச்சது.

லைட்டை அணைச்சாங்க. ஒரு பாதிரியார், ஒரு ஷேக், ரெண்டு பேரும் ஒருத்தர் பின்னால ஒருத்தரா ஜெபம் சொன்னாங்க. செத்தவங்கள்ல கிறிஸ்தவங்களும் முஸ்லிம்களும் கலந்துதான் இருக்காங்க, பொண்ணுங்களும் நிறைய, கடைசிக் காலத்துல போராளிங்கள்ல கிட்டத்தட்ட 30 சதவீதம் பெண்கள். ஒரு நிமிஷ மௌனம். அப்புறம் பெரிய மெழுகுவர்த்தியில இருந்து முதல் வரிசை, அதுல இருந்து அடுத்த வரிசைன்னு நெருப்பு பின்னால வந்துச்சு, எனக்குப் பக்கத்துல நின்ன ஏழெட்டு வயசுப் பொண்ணு தன்னோடதைப் பத்த வச்சுட்டு எனக்கும் பத்த வச்சுக் குடுத்தா. மெழுகு உருகிக் கையில கொட்டுது, காகிதக் கப்பு யாரோ கொண்டு வந்து குடுத்தாங்க, அதுவும் பத்திக்கப் பார்த்துச்சு, ஒரு தாத்தா கையாலயே தட்டி அணைச்சுட்டு ஒண்ணும் நடக்காத மாதிரி நேரா பார்த்து நின்னார்.

அரை மணி நேரத்துல நண்பன் என் கையைப் பிடிச்சு வெளிய கூட்டிட்டு வந்துட்டான். "இன்னொரு இடம் இருக்கு, வா". டிராம், அப்புறம் மெட்ரோ, திரும்பவும் போர்ட்டா வெனேசியா. அங்க மரத்தடியில ஒரு சின்னக் கூட்டம், பெரும்பாலும் முப்பது வயசு சுத்தி இருக்கிற பசங்க, இப்ப இருக்கிற ஆட்சியை எதிர்க்கிறவங்க, அவங்க கையில வேற கொடி, இளநீலத்துல பச்சை ஆலிவ் கிளை போட்ட 1952ஆம் வருஷக் கொடி. அவங்களும் மெழுகுவர்த்திதான். அவங்களும் ஒரு நிமிஷம் எழுந்து நின்னாங்க.

அங்க நண்பனோட சித்தி பையன். அஸ்மாராவுல பிறந்தவன், 2014ல லிபியா வழியா கடல் தாண்டி வந்தவன். தேசிய சேவைன்னு 18 வயசுல ராணுவத்துல சேர்த்தாங்க. 1995 சட்டப்படி அது 18 மாசம்தான். 1998ல எத்தியோப்பியாவோட மறுபடி எல்லைப் போர், அதுல 19,000 பேர் செத்ததா அரசாங்கமே சொல்லுச்சு. அந்தப் போருக்கு அப்புறம் தேசிய சேவைக்கு முடிவு தேதியே இல்லாம போயிடுச்சு. தேசியத் தேர்தல் இன்னிக்கு வரைக்கும் நடக்கல, 1997ல எழுதின அரசியல் சட்டம் அலமாரியில கிடக்கு. 2001 செப்டம்பர்ல சீர்திருத்தம் வேணும்னு கடிதம் எழுதின பெரிய தலைவர்கள்ல 11 பேரைப் பிடிச்சு உள்ள போட்டாங்க, விசாரணையே கிடையாது. அதுல பெத்ரோஸ் சொலொமோன் மாதிரி போராட்டத்துல முன்னால நின்ன தளபதிகளும் இருந்தாங்க. "அந்த ஹால்ல கும்பிடறாங்களே, அந்தத் தியாகிங்க கூடவே சாப்பிட்டு, கூடவே சண்டை போட்டவங்க இன்னிக்கு எங்க இருக்காங்கன்னு அங்க யாராவது கேட்பாங்களா"ன்னு அந்தச் சித்தி பையன் கேட்டான்.

அப்புறம் போன்ல ஒரு போட்டோவைத் திறந்து மெழுகுவர்த்தி பக்கத்துல சாய்ச்சு வச்சான். ஆஃப்ரோ முடி, அரை டிராயர், அதே சிரிப்பு. அவனுக்கும் அவர் தாய்மாமாதானே. பக்கத்துலயே இன்னொரு போட்டோ, அவனோட பள்ளிக்கூட சிநேகிதன், 2013 அக்டோபர் 3ல இத்தாலியத் தீவு லாம்பெடூசா பக்கத்துல கவுந்த படகுல போனவன். அந்த ஒரு படகுல 368 பேர் செத்தாங்க, பெரும்பாலும் எரித்திரியப் பிள்ளைங்க. இந்தப் பசங்களுக்கு மாமாவும் அந்தச் சிநேகிதனும் ஒரே வரிசையிலதான் வர்றாங்க.

இதை ஒரு தமிழனா நின்னு பார்க்கிறப்ப நவம்பர் 27, மாவீரர் நாள் ஞாபகம் வராம இருக்காது, ஜெர்மனியில ஈழத்து நண்பர்களோட நானும் போய் விளக்கேத்தியிருக்கேன். அங்க ஊர்ல துயிலும் இல்லங்களையே இடிச்சுட்டாங்க, கல்லறைன்னு தேடிப் போக இடமில்ல. இவங்களுக்கு நாடு கிடைச்சுது, கல்லறையும் இருக்கு, ஆனா இந்தப் பசங்கள்ல பாதிப் பேரால அங்க போய் நிக்க முடியாது.

திரும்பி வர்றப்ப கடைசி டிராம் போயிடுச்சு, நடந்தே வந்தோம், கொசு பிடுங்குது, ரெண்டு பேரும் பேசல.

ஜூன் 20, வெள்ளி, மிலான்

காலையில பொலோன்யாவுக்குக் கிளம்ப வேண்டியது. ஸ்டேஷனுக்குப் போனா பெரிய போர்டு முழுக்க ரத்து ரத்துன்னு சிவப்பு, நாடு தழுவிய ஸ்ட்ரைக். காலையில 6ல இருந்து 9 வரைக்கும், சாயங்காலம் 6ல இருந்து 9 வரைக்கும் மட்டும் கொஞ்சம் வண்டி ஓடும், அது அவங்க சட்டம். நாங்க போய்ச் சேர்ந்தப்ப மணி ஒன்பதே கால். தண்ணி பாட்டில் வெளிய 50 சென்ட், ஸ்டேஷனுக்குள்ள ரெண்டு யூரோ. வெயில்ல திரும்ப நாலு மாடி ஏறினோம்.

பெரியம்மாவுக்கு ஒரே சந்தோஷம், காபி போட ஆரம்பிச்சுட்டாங்க. பச்சைக் கொட்டையைச் சின்ன வாணலியில கருக்கறதுல இருந்து ஆரம்பம், அந்தப் புகையை ஒவ்வொருத்தர் மூக்குக்கும் கொண்டு வந்து காட்டினாங்க, நாம கையால புகையை முகத்துக்கு இழுத்துக்கணும். இடிச்சு, ஜெபெனான்னு கழுத்து நீண்ட மண் பானையில காய்ச்சி, வாயில ஈச்ச நார் மாதிரி ஒண்ணை அடைச்சு வடிகட்டி, காதில்லாத குட்டிக் கப்புல ஊத்தறாங்க. கூடவே சோளப்பொரி, ஹிம்பாஷான்னு ஏலக்காய் போட்ட வட்ட ரொட்டி, சாம்பிராணி. மூணு சுத்து குடிச்சுட்டுத்தான் எழுந்திருக்கணும், நடுவுல எழுந்தா மரியாதை இல்ல. ஸ்ட்ரைக் இல்லைன்னா இந்த ரெண்டரை மணி நேரம் எனக்குக் கிடைச்சிருக்காது.

டிவியில அஸ்மாரா ஓடுது, அரசாங்க சேனல். முந்தின நாள் ராத்திரி மெயின் ரோட்டுல ஜனங்க மெழுகுவர்த்தியோட நடந்து போனது, காலையில தியாகிகள் கல்லறையில மலர் வளையம், ஜனங்க மரக்கன்னு நடறது. ஜூன் 20க்கு மரம் நடறது அங்க வழக்கம். மூணாவது சுத்து காபிக்குச் சித்தி பையன் வந்தான். உள்ள வந்ததும் முதல்ல போட்டோவைப் பார்த்தான், அப்புறம் டிவியைப் பார்த்தான், செருப்பைக் கழட்டாமலே வாசல்ல நின்னான். பெரியம்மா டிவியை அணைக்கல, சத்தத்தை மட்டும் குறைச்சாங்க. அவன் வந்து உட்கார்ந்தான்.

அப்புறம் ஒரு மணி நேரம் சண்டை. திக்ரின்யாலயும் இத்தாலியன்லயும் மாத்தி மாத்தி, நண்பன் எனக்குக் காதோட மொழிபெயர்த்துக்கிட்டே வந்தான். "நீ நேத்து அவங்க ஹால்ல பெட்டியில போட்ட காசு, அப்புறம் வெளிநாட்டுல இருந்துக்கிட்டு அந்த அரசாங்கத்துக்கு வருஷா வருஷம் கட்டற ரெண்டு சதவீத வரி, இதெல்லாம் என்னை எட்டு வருஷம் பள்ளத்தாக்குல உட்கார வச்சவனுக்குப் போகுது." அதுக்குப் பெரியம்மா, "நான் எவனுக்கும் போடல, பிள்ளையைப் பறிகுடுத்த அம்மாவுக்குப் போட்டேன், உன் பாட்டிக்கு அந்தப் பணம் வந்துச்சா இல்லையா சொல்லு." அவன், "வந்துச்சு." "அப்ப?" "அப்ப பாட்டி பேரன் ஏன் கடல்ல விழுந்து வரணும்?" இதுக்கு அவங்க பதில் சொல்லாம அவன் கப்பை எடுத்து மறுபடி ஊத்தினாங்க. அவன் அதையும் குடிச்சான்.

எனக்கு அவன் கேட்டது நியாயம்னுதான் படுது, இதை நான் மறைக்க விரும்பல. 65,000 பேர் எதுக்குச் செத்தாங்களோ அது அந்தப் பையனுக்குக் கிடைக்கல. ஆனா அந்தக் கிழவியோட மெழுகுவர்த்தியை "அரசாங்க மெழுகுவர்த்தி"ன்னு சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். ஐம்பது வருஷமா வியாழக்கிழமை வியாழக்கிழமையா சேர்த்து வச்ச பாசம் அது. ஆட்சி வந்து அதுக்கு மேல ஏறி உட்கார்ந்திருக்கு, அவ்வளவுதான்.

சாயங்காலம் ஆறு மணி வண்டி. நிக்கவே இடமில்ல, ஏசி இல்ல, பியாசென்ஸா வரைக்கும் ஒத்தைக் கால்ல. பெரியம்மா கட்டிக் குடுத்த ஹிம்பாஷாவை எதிர்ல நின்ன ஒரு கர்ப்பிணிப் பொண்ணுக்குப் பாதி குடுத்தோம், அந்தப் பொண்ணு பதிலுக்கு ஒரு பை செர்ரிப் பழத்தை எங்க கையில திணிச்சுட்டு இறங்கிப் போனா.

ஜூன் 21, சனி, பொலோன்யா

ஊர் முழுக்க வளைவு வளைவா மண்டபத் தாழ்வாரம், வெயில் மேல படாமலே நாள் பூரா நடக்கலாம். ஐஸ்கிரீம் ரெண்டு உருண்டை 3.50.

1974ல இருந்து 1991 வரைக்கும் வருஷா வருஷம் இங்கதான் அந்தத் திருவிழா. ஐரோப்பா, அமெரிக்கா, அரபு நாடுகள்னு சிதறிக் கிடந்த ஆயிரக்கணக்கான பேர் வந்து கூடாரம் போட்டுத் தங்கி, சமைச்சு, ஆடிப் பாடி, பணம் சேர்த்து, தகவல் கேட்டுப் போன ஊர். அப்ப பொலோன்யா நகராட்சி கம்யூனிஸ்ட் கையில, போராட்டத்துக்கு ஆதரவா இருந்தாங்க. நிறையக் கல்யாணம் இங்க பேசி முடிஞ்சிருக்கு, நண்பனோட அப்பா அம்மாவும் இங்க பார்த்துக்கிட்டவங்கதான்.

எங்களுக்காகக் காத்திருந்தவர் எழுபது தாண்டின ஒரு பெரியவர், நண்பனோட அப்பாவுக்குத் தெரிஞ்சவர், எரித்திரியாவுல கெரென் ஊர்க்காரர். எங்களை நேரா நெப்டியூன் சதுக்கத்துக்குக் கூட்டிட்டுப் போனார். அங்க ஒரு கட்டடச் சுவர் முழுக்கச் சின்னச் சின்ன போட்டோ, நாஜிகளையும் பாசிஸ்டுகளையும் எதிர்த்துச் செத்த ஊர்க்காரங்க, ரெண்டாயிரத்துக்கு மேல. மீசை முளைக்காத பசங்க, தலையில ஸ்கார்ஃப் கட்டின அம்மாங்க, ஒவ்வொருத்தருக்கும் கீழ பேர். "1975ல முதல் தடவை இங்க வந்தப்ப இதைப் பார்த்துட்டு, எங்க ஊர்லயும் இப்படி ஒரு சுவர் கட்டணும்னு பேசிக்கிட்டோம்"னு சொன்னார். முகம் தெரிஞ்சா பொய் சொல்ல முடியாதுன்னார்.

அவர் ஜெப்ஹா. இதை நம்ம ஆளுங்களுக்குக் கொஞ்சம் விளக்கணும். 1960ல கெய்ரோவில ஆரம்பிச்ச விடுதலை முன்னணிதான் ஜெப்ஹா, அவாதே வெடிச்ச வெடி அவங்க கணக்குலதான். எழுபதுகள்ல அதுல இருந்து பிரிஞ்சு வந்தது ஷாபியா, கடைசியில ஜெயிச்சு ஆட்சிக்கு வந்தவங்க. நடுவுல ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் சுட்டுக்கிட்டாங்க, 1972ல ஆரம்பிச்சு ஒரு தடவை, 1980, 81ல இன்னொரு தடவை, அதோட ஜெப்ஹா சூடானுக்குத் துரத்தப்பட்டுடுச்சு. பெரியவரோட அண்ணன் 1981ல செத்தார். சுட்டது எத்தியோப்பியாக்காரன் இல்ல.

"எங்கண்ணனுக்குச் சான்றிதழ் கிடையாது. பத்து வருஷம் எதிரியோட சண்டை போட்டுட்டு, கடைசி மாசம் தப்பான குண்டுல செத்தா அவன் தியாகி இல்லையா?" ரோட்டுல நின்னு சத்தமாவே கேட்டார். கெரென் பக்கத்துல ஓனான்னு ஒரு கிராமம், 1970 டிசம்பர் 1ல எத்தியோப்பிய ராணுவம் நூத்துக்கணக்கான ஜனங்களைக் கொன்னு எரிச்சுது. அந்தப் புகையைப் பார்த்துட்டுத்தான் அண்ணன் காட்டுக்குப் போயிருக்கார்.

மத்தியானம் அவரே சாப்பாடு வாங்கிக் குடுத்தார், பில்லைத் தொட விடல, நான் பர்ஸை எடுத்ததும் கையைப் பிடிச்சு மேஜையோட அழுத்திட்டார். ஜூன் 20க்கு எங்கயும் போறதில்லையாம். வீட்டுல அண்ணனுக்கு மட்டும் தனியா ஏத்தறார், மனைவி இறந்ததுல இருந்து கூட நிக்க ஆளில்லைன்னார். நண்பன் உடனே "எங்க பெரியம்மா வீட்டுக்கு வாங்க"ன்னான். "ஷாபியா வீட்டுக்கா?"ன்னு ஒரு பார்வை பார்த்தார். வர்றேன்னும் சொல்லல, வரலைன்னும் சொல்லல, பெரியம்மா எந்த ஊர், தம்பி எந்தப் படையில இருந்தான்னு விசாரிக்க ஆரம்பிச்சுட்டார்.

ஜூன் 22, ஞாயிறு, திரும்பற வழி

பிரென்னர் மலைப்பாதை வழியா மியூனிக், அங்க மாறி ஸ்டுட்கார்ட். உடம்பு முழுக்க அசதி, கையில மெழுகு சுட்ட இடம் தோல் உரியுது. இன்ஸ்ப்ருக் தாண்டினதும் மழை பிடிச்சுக்கிச்சு.

ரயில்ல வர்றப்பவே குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல பேச்சு ஓடுது, நண்பன் படிச்சுச் சொல்லிட்டே வர்றான். அவன் பெரியவரைப் பத்திச் சொல்லிட்டான் போல. பெரியம்மா ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டாங்க: அடுத்த வருஷம் 19ஆம் தேதி மத்தியானமே நம்ம வீட்டுல மெழுகுவர்த்தி ஏத்திக்கலாம், அப்புறம் அவங்கவங்க எங்க போகணுமோ போங்க, அந்தக் கெரென்காரரோட அண்ணன் போட்டோ இருந்தா இப்பவே வாங்கி அனுப்பு, ஃபிரேம் போட நாள் ஆகும். சித்தி பையன் பதில் போட்டான், வர்றேன், ஆனா என் சிநேகிதன் போட்டோவும் வைக்கணும், டிவி ஓடக் கூடாது. பெரியம்மா, போட்டோ வைக்கலாம், டிவி ஓடும். அவன், அப்ப சத்தம் இல்லாம. உல்ம் தாண்டற வரைக்கும் பதில் இல்ல, அப்புறம் பெரியம்மா கிட்ட இருந்து ஒரே வரி வந்துச்சு: "காபி மூணு சுத்தும் குடிச்சுட்டுத்தான் போகணும், அதுக்கு ஒத்துக்கிட்டா பார்க்கலாம்."